மும்முறை அழைத்தும்

சகல குடிமக்களின் மேலான கவனத்துக்கு: மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டது, பிறகு சக்கரத்தைக் கண்டது, இப்போது துரிதனைக் கண்டிருக்கிறது. ஜாமீன் கிடைத்தும் அதற்குரிய ரொக்கத்தைக் கட்ட வழியில்லாமல் சிறையில் கிடக்கும் எவரும், அந்த ரொக்க நிபந்தனையை நீக்கும்படி மனுச் செய்தால், அவரது மனு ஒரே விநாடிக்குள் விசாரித்து முடிக்கப்படும். ஞாலம் வியக்கும் இந்த நீதி இயந்திரம், ஆவாரங்குறிச்சி நீதிமன்ற வளாகத்தின் இரண்டாம் மாடியில், கழிப்பறைக்கு எதிரே, மக்கள் பயன்பாட்டுக்கு அர்ப்பணிக்கப்படுகிறது.

பித்தளைப் பலகையில் இப்படித்தான் பொறித்திருந்தார்கள். பலகையைத் திறந்துவைத்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஆராவமுதன், விரைவு விசாரணைக் கண்காணிப்புக் குழுவின் தலைவர். ஐம்பது நிமிடம் பேசினார். "நான் பேசிய இந்த நேரத்தில் துரிதன் மூவாயிரம் மனுக்களை விசாரித்திருப்பான்" என்று முடித்தார். அப்படியானால் நீங்கள் ஏன் ஐயா இவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. பின்வரிசையில் வடை வந்துகொண்டிருந்தது.

நியாயமாகப் பார்த்தால் சட்டம் நல்ல சட்டம். பணம் இல்லாத ஒரே காரணத்துக்காக ஒருவன் உள்ளே இருந்தால், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அவனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்றது. அதற்கு முன்பெல்லாம் இந்த மாதிரி மனுக்கள் மாதக்கணக்கில் கட்டுக்குள் தூங்கும்; மனு எழுந்திருக்கும்போது மனுதாரர் தண்டனைக் காலத்தைவிட அதிகமாக உள்ளே இருந்து முடித்திருப்பார். சட்டம் வந்ததும் மாவட்டங்களுக்கு இடையே போட்டி மூண்டது. ஒரு மாவட்டம் இருபத்து நான்கு மணி நேரம் என்றது. பக்கத்து மாவட்டம் ஆறு மணி நேரம் என்றது. ஆவாரங்குறிச்சி ஒரு விநாடி என்றது. நம் ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் இப்படி ஒரு கதி உண்டு.

ஊய்க்காட்டானுக்கு இந்தப் போட்டி எதுவும் தெரியாது. அவன் வாத்து மேய்க்கிறவன். அறுப்பு முடிந்த வயல்களில் எண்ணூறு வாத்துகளை இறக்கி, உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் மேயவிட்டு, முட்டையை விற்று, அடுத்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போவான். கூடவே மனைவி முப்பிடாதி. போன மாதம் அவன் வாத்துகள் ஒரு குளத்தில் இறங்கின. வாத்து குளத்தில் இறங்குவது ஆதி காலம் தொட்டு நடப்பதுதான். ஆனால் அந்தக் குளத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் சூரிய மின்தகடுகள் மிதந்தன. வாத்துகள் ஒரு கம்பியைக் கொத்திவிட்டதாகப் புகார். வாத்துகளைக் கைது செய்யச் சட்டத்தில் இடமில்லாததால் ஊய்க்காட்டானைக் கைது செய்தார்கள்.

நான்காம் நாளே ஜாமீன் கொடுத்தார்கள். நாற்பதாயிரம் ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஊய்க்காட்டானின் ஆஸ்தி முழுவதும் அப்போது சேற்றில் குவாக் குவாக் என்று கத்திக்கொண்டு நின்றது.

இலவச சட்ட உதவி மையத்திலிருந்து அவனுக்கு வாய்த்தவர் வழக்கறிஞர் புஷ்பலீலா. ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வலி, இரண்டாம் மாடி. முப்பிடாதி அவரிடம் வந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னாள்.

"யம்மா, சனிக்கிழமை கால்வாயில தண்ணி விடுதாவ. வயக்காரரு வெள்ளிக்கிழமைக்குள்ள வாத்த ஓட்டிரணும்னுட்டாரு. அடுத்த வயலுக்குப் போவணும்னா நாலுவழிச் சாலையத் தாண்டணும். முன்னால ஒரு ஆளு கூப்பிட்டுக்கிட்டே போவணும், பின்னால ஒரு ஆளு பத்தணும். நான் ஒருத்தி என்ன செய்ய? பாதி லாரில அடிபட்டுரும். அவுக வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தாப் போதும்."

"கூலிக்கு ஆள் வச்சுக்கக் கூடாதாம்மா?"

"வாத்துக்கு அவுக குரலுதான் தெரியும். அடுத்தவன் கூப்பிட்டா அப்படியே நின்னு பாக்கும்."

அன்று திங்கட்கிழமை. ஒரு விநாடியில் முடிகிற வேலைக்கு ஐந்து நாள் இருக்கிறதே என்று புஷ்பலீலா தைரியம் சொன்னார்.

துரிதன் பார்ப்பதற்கு அரிசி மூட்டை உயரத்தில் ஒரு பச்சைப் பெட்டி. பக்கத்தில் ஒரு திரை. அதில் சிறைச்சாலையின் சிறு அறையும், அதற்குள் ஸ்டூல் நுனியில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் ஊய்க்காட்டானும் தெரிந்தார்கள். புஷ்பலீலா கவுனைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மனுவை உள்ளே செலுத்தினார்.

'டிக்' என்றது பெட்டி.

திரையில் எழுத்து வந்தது: 'மனுதாரர் மும்முறை அழைத்தும் ஆஜராகவில்லை. மனு தள்ளுபடி. விசாரணை நேரம் 0.9 விநாடி. தங்கள் உரிமை நிறைவேற்றப்பட்டது. எங்கள் சேவைக்கு நட்சத்திரம் வழங்கவும்.'

எழுத்துக்குப் பின்னால் ஊய்க்காட்டான் அதே ஸ்டூலில் அதே நுனியில் உட்கார்ந்திருந்தான். இன்னும் ஏதோ ஆரம்பிக்கப்போகிறது என்ற முகம்.

புஷ்பலீலா சிரஸ்தாரிடம் போனார். சிரஸ்தார் இருதயராஜ் அந்த நீதிமன்றத்தின் தலைமை எழுத்தர். முப்பது வருடத்தில் ஏழு நீதிபதிகளையும் மூன்று கம்ப்யூட்டர் திட்டங்களையும் பார்த்து அனுப்பிவைத்தவர்.

"சார், மனுதாரர் ஆஜராகலன்னு போட்டிருக்கு. அவரு ஜெயில்ல இருக்காரு. ஜெயில்ல இருக்கறவரு ஆஜராகாம எங்க சார் போவாரு?"

"அதத்தான் மேடம் நானும் யோசிக்கேன். உள்ள இருக்கும்போதே ஆஜராகாதவன், வெளிய விட்டா ஆஜராவானா?"

"திரையில ஆளு தெரியுதாருல்லா!"

"தெரியறது வேற, ஆஜராகறது வேற. பேரக் கூப்பிட்டா பதில் சொல்லணும். சொல்லலியே."

"யாரு கூப்பிட்டா? நான் பக்கத்துலதான நிக்கேன்!"

"மும்முறை அழைத்தும்னு எழுத்துல வந்திருக்கு மேடம். அழைக்காம எப்படி மும்முறை வரும்?"

"சரி, இந்தத் தள்ளுபடிய எதுத்து எங்க போறது?"

"மேல்முறையீட்டுக்கு மனுச நீதிபதி இருக்காரு. தேதி இனி தை மாசம்தான் கிடைக்கும். இல்லன்னா தள்ளுபடிய ரத்து செய்யச் சொல்லி இங்கயே ஒரு மனுப் போடுங்க. ஒரு விநாடில கேட்டுருவான்."

"யாரு?"

"துரிதன்தான்."

புஷ்பலீலா அதையும் போட்டார். இந்தத் தடவை பெட்டியின் மேலேயே ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். 'டிக்.' 'மனுதாரரின் வழக்கறிஞர் மும்முறை அழைத்தும் ஆஜராகவில்லை. தள்ளுபடி.' பெட்டி லேசாகச் சுட்டது.

புதன்கிழமை மாலைக்குள் பதினோரு மனு. பதினோரு டிக். விசாரணைப் புள்ளிவிவரப் பலகையில் ஆவாரங்குறிச்சியின் எண் ஏறிக்கொண்டே போனது. ஒரே கைதியின் உரிமையை மூன்று நாளில் இத்தனை முறை நிறைவேற்றிய மாவட்டம் வேறு கிடையாது என்று குழு அலுவலகத்திலிருந்து இருதயராஜுக்கு வாழ்த்து வந்தது.

பதினோராவது டிக்குக்குப் பிறகு புஷ்பலீலா வீடியோவில் ஊய்க்காட்டானிடம் பேசினார்.

"ஏம்ப்பா, உனக்கு அங்க ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

"டிக்னு கேக்கும்மா."

"அவ்வளவுதானா?"

"சிரிக்கக் கூடாது. அது டிக் இல்லம்மா. அதுக்குள்ள ஒரு ஆளு குரலு கிடக்கு. என்னைத்தான் கூப்பிடுதான். நான் 'ஐயா'ங்கதுக்குள்ள முடிஞ்சிருது."

"ஒரு டிக்குக்குள்ள எப்படிப்பா ஆளு குரல் கேக்கும்?"

"எண்ணூறு வாத்து ஒண்ணாக் கத்தும்போது முள்ளு குத்தினது எதுன்னு சத்தத்த வச்சுச் சொல்லுவேம்மா. இது ஒத்தக் குரலு. வயசாளி. நெஞ்சுல சளி இருக்கு."

வராந்தாவில், பெஞ்சில், நெஞ்சில் சளியோடு ஒரு வயசாளி உட்கார்ந்திருந்தார். சிவப்புப் பட்டை, பித்தளை வில்லை, வெள்ளை உடுப்பு. டவாலி சங்கரபாண்டி. கட்சிக்காரர்களை மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அவர் உத்தியோகம். துரிதன் வந்தபிறகு அந்த மாடியில் அவர் யாரையும் கூப்பிடுவதில்லை. பதவியை ரத்து செய்ய ஊழியர் சங்கம் விடவில்லை என்பதால் உடுப்பு மட்டும் நாள்தோறும் வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இந்தப் பெட்டிக்கு நீங்க ஏதாச்சும் குரல் கொடுத்தீங்களா?"

"ஆமா, கொடுத்தேன். அதுக்கு ஒரு சால்வை போட்டாவல்லா. ரெண்டு நாளு ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வச்சு, அ-வுல இருந்து அம்புட்டு எழுத்தையும் கூப்பிடச் சொன்னாவ. 'பாரம்பரியத்த விடக் கூடாது, டவாலி அழைப்பு அப்படியே இருக்கணும்'னு ஆராவமுதன் ஐயா கறாராச் சொல்லிட்டாவளாம்."

"அப்ப அந்த டிக்..."

"நாந்தான்." சங்கரபாண்டி இதைச் சொல்லும்போது மாடிப்படியைப் பார்த்துக்கொண்டார். "எஞ்சினியரு கேட்டாரு, மூணு தடவை கூப்பிட எம்புட்டு நேரம் ஆகும்னு. முக்கால் நிமிசம்னேன். மொத்தமே ஒரு விநாடிதான பட்ஜெட்டுன்னு சிரிச்சாரு. நசுக்கிட்டாவ. இப்ப விநாடில இருபதுல ஒரு பங்காம். மூணும் அதுக்குள்ள அடக்கம்."

"மூணு தடவை எதுக்குண்ணே கூப்பிடறோம்னு அவங்க கேக்கவே இல்லியா?"

"அத யாரு கேக்கா? நான் சொல்லுதேன் கேளுங்க. முதத் தடவை கூப்பிட்டா டீக்கடையில நிக்கவன் கிளாஸ வைப்பான். ரெண்டாந் தடவைக்கு மடிச்சுக் கட்டின வேட்டிய இறக்குவான். மூணாந் தடவைக்குப் படியேறிருவான். சில நாளு கிழடு கட்டைன்னா மூணாவத நான் இழுப்பேன். அந்த ஆளு தலை தெரியற வரைக்கும் பேரோட கடைசி 'ன்'ன விடமாட்டேன். கணக்குக்காவா கூப்பிட்டோம்? ஆளு வரணும்னு கூப்பிட்டோம்."

எஞ்சினியர்கள் எண்ணிக்கையைக் காப்பாற்றிவிட்டார்கள். நேரத்தை மட்டும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். துரிதன் வந்த நான்கு மாதத்தில் அந்த அழைப்பைத் தாண்டி ஒரு மனுகூட உள்ளே போகவில்லை என்பது அன்றைக்குத்தான் புஷ்பலீலாவுக்குத் தெரிந்தது. இருதயராஜுக்கு முதல் வாரமே தெரியும். யாரும் எழுத்துமூலம் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை புஷ்பலீலா, ஆராவமுதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் ஆராவமுதனின் படங்கள் ஒன்பது இருந்தன. பத்தாவதாக அவரே இருந்தார்.

"அம்மையீர், மூன்று முறை அழைக்க வேண்டும் என்கிறது கையேடு. மூன்று முறை அழைக்கிறோம். இரண்டரை முறை அழைத்தோம் என்று நிரூபிக்க முடியுமா தங்களால்?"

"நடுவுல பதில் சொல்ல நேரம் விடணும்ல சார்?"

"கையேட்டில் எந்தப் பக்கம்?"

கையேட்டில் அப்படி ஒரு பக்கம் இல்லை. அதை எழுதியவர்கள், கூப்பிடுகிறவன் நடுவில் மூச்சு விடுவான் என்று நம்பியிருந்தார்கள்.

"சார், நாளைக்குள்ள அந்த ஆள் வெளிய வரலன்னா அவங்க பொழப்பே போயிரும். அழைப்புக்கு நடுவுல அஞ்சே விநாடி விடச் சொல்லுங்க. போதும்."

"அஞ்சு விநாடியா!" ஆராவமுதன் நாற்காலியில் சாய்ந்தார். "இரண்டு இடைவெளி, பத்து விநாடி. நம் சராசரி பதினோரு மடங்கு பின்னோக்கிப் போகும். அடுத்த வாரம் மாநில விருது. பக்கத்து மாவட்டத்துக்காரன் 1.4 விநாடியில் வந்து நிற்கிறான். நாகரிகம் முன்னால்தான் போக முடியும் அம்மையீர்."

"அப்ப அவரு என்னதான் பண்ணணும்?"

ஆராவமுதன் கண்ணை மூடித் திறந்தார். புகைப்படம் எடுக்க ஆள் இருந்திருந்தால் பதினொன்றாவது படம் கிடைத்திருக்கும்.

"இயந்திரத்தின் வேகத்தைக் குறைப்பது பிற்போக்கு. குடிமகனின் வேகத்தைக் கூட்டுவோம். அவர் பதிலையும் முன்கூட்டியே பதிவு செய்து உள்ளே வைத்துவிட்டால், அழைத்த மாத்திரத்தில் ஆஜர்! ஒரே ஒரு சொல். குறைவாக இருக்க இருக்க வேகம்."

"கூப்பிடறதுக்கு மட்டும்தானே சார் அந்தப் பதிவு? அப்புறம் கேள்வி கேட்டா அவரே பதில் சொல்லலாம்ல?"

"அதெல்லாம் தொழில்நுட்பக் குழு பார்த்துக்கொள்ளும்."

வேறு வழி இருந்திருந்தால் புஷ்பலீலா எழுந்து போயிருப்பார். தை மாதம்தான் வேறு வழி.

அன்று மாலை சிறைக் காவலர் ஒருவர் ஒரு கருவியை ஊய்க்காட்டானின் வாய்க்கு நேராக நீட்டினார். "உன் பேரு ஊய்க்காட்டான்தானல?" என்று கேட்டார். "ஆமாய்யா" என்றான். காவலர் கருவியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "முடிஞ்சிட்டு, போ" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை. இருதயராஜ், சங்கரபாண்டி, கழிப்பறைக்கு வந்த இரண்டு வக்கீல்கள் எல்லாரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக ஒரு மனு அழைப்பைத் தாண்டப்போகிறது. அதற்கப்புறம் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. கோயில் கருவறையைத் திறக்கிற மாதிரி நின்றார்கள். புஷ்பலீலா மனுவைச் செலுத்தினார்.

'டிக்' என்றது பெட்டி. கொஞ்சம் பொறுத்து, வழக்கமில்லாத வழக்கமாக, ஒரு முழுத்தாளை வெளியே தள்ளியது. விசாரணையின் எழுத்துப் பதிவு.

'அழைக்கப்பட்டவர் தாங்கள்தானா? – ஆமாய்யா.
ரொக்கம் நாற்பதாயிரம் செலுத்தத் தங்களுக்கு வசதி உண்டா? – ஆமாய்யா.
வசதி இருந்தும் செலுத்தாமல் இருக்கிறீர்களா? – ஆமாய்யா.
வெளியே வந்தால் தலைமறைவாகும் எண்ணம் உண்டா? – ஆமாய்யா.
சாட்சிகளை மிரட்டுவீர்களா? – ஆமாய்யா.
இம்மனுவைத் தள்ளுபடி செய்யச் சம்மதமா? – ஆமாய்யா.

மனுதாரரின் ஒளிவுமறைவற்ற போக்கை இம்மன்றம் பாராட்டுகிறது. மனு தள்ளுபடி. 0.9 விநாடி.'

இருதயராஜ் தாளை இரண்டு தடவை படித்தார். "நேர்ல நின்னிருந்தாலும் இதத்தான மேடம் சொல்லியிருப்பான்? இந்த ஜனங்க எந்த ஐயா எதக் கேட்டாலும் ஆமாய்யாதான்."

"நேர்ல நின்னிருந்தா நான் குறுக்க பேசியிருப்பேன் சார்!" புஷ்பலீலா கத்திவிட்டார். "அதுக்குத்தானய்யா வக்கீல் வச்சிருக்கு! அவன் ஆமாம்பான், நான் இல்லம்பேன், நீதிபதி ரெண்டு பேர் மூஞ்சியையும் பாப்பாரு! அதுக்குப் பேருதான் விசாரணை! இது என்ன கருமம்?"

"கோபப்படாதீங்க. ரத்து மனு ஒண்ணு போட்டுப் பாருங்க."

சங்கரபாண்டி சிவப்புப் பட்டையைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். எங்கேயும் போகவில்லை. பஸ் ஐந்தரைக்குத்தான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு முப்பிடாதி நீதிமன்றத்துக்கு வந்தாள்; புஷ்பலீலாவையும் வரச் சொல்லியிருந்தாள். சனி, ஞாயிறு நீதிமன்றம் விடுமுறை. பணம் கட்டும் கவுன்ட்டர் மட்டும் எல்லா நாளும் திறந்திருக்கும். முழங்கால் வரைக்கும் காய்ந்த சேறு. கையில் ஜவுளிக்கடைப் பை. புஷ்பலீலா பையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். ஆனாலும் கேட்டார்.

"எல்லாத்தையுமாம்மா வித்துட்டே?"

"பாதிய வித்தா பாதி ஆளா விடுவாவ?"

"எவ்வளவுக்கு?"

"வாத்துக்கு அம்பது. சந்தையில முந்நூறு போகுது. யாவாரிக்கு ஜாமீன் ரூவா எம்புட்டுன்னு தெரிஞ்சிருக்கு. வாத்த எண்ணினான், வகுத்தான், வெலை சொல்லிட்டான். தண்ணி வரப்புக்கு வந்துட்டு. நான் என்ன பேச?" அவள் பையைக் கவுன்ட்டருக்குள் தள்ளினாள். "லாரியில ஏத்தும்போது ஒண்ணும் ஏற மாட்டேன்னுட்டு. கழுத்தப் பிடிச்சுத்தான் ஏத்தினாவ."

பணம் வந்து சேர்ந்ததை மட்டும் மனிதர்கள்தான் சரிபார்க்க வேண்டுமாம். அதற்குத் திங்கட்கிழமை ஆனது.

திங்கட்கிழமை நாலு மணிக்கு ஊய்க்காட்டான் சிறை வாசலுக்கு வந்தான். முப்பிடாதி விஷயத்தைச் சொன்னாள். அவன் சாலையின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தான். வசவோ அழுகையோ வரும் என்று புஷ்பலீலா தயாராக நின்றார்.

"என்னால ஆகலப்பா" என்றார் அவரே முந்திக்கொண்டு.

"நீங்க என்ன செய்வீய. அவுக கூப்பிடத்தான் செஞ்சாவ. எனக்குத்தான் வேகம் பத்தல." பிறகு முப்பிடாதியிடம், "முட்டைக் கூடையாச்சும் வச்சிருக்கியாட்டீ?" என்றான்.

"அதையும் சேத்துக் கேட்டான்."

அந்த வாரமே ஆராவமுதனுக்கு விருது கிடைத்தது. பாராட்டுப் பத்திரத்தில் ஊய்க்காட்டானின் பெயர் இடம்பெற்றது. ஓர் எளிய வாத்து மேய்ப்பாளரின் உரிமை ஐந்தே நாட்களில் பன்னிரண்டு முறை நிறைவேற்றப்பட்டதாகவும், கட்ட வழியில்லை என்ற அவர் ஆறாம் நாளே முழுத் தொகையையும் கட்டிவிட்டதால் நிபந்தனை நியாயமானதே என்பது ஐயமற நிரூபணமானதாகவும் அதில் கண்டிருந்தது. ஆராவமுதன் ஏற்புரையாக ஒரு மணி நேரம் பேசினார்.

வழக்கு முடிந்தால் நாற்பதாயிரத்தைத் திருப்பித் தருவார்கள். அதை வைத்து நூறு வாத்தாவது வாங்கலாம் என்று முப்பிடாதி கணக்குப் போட்டிருந்தாள். எந்தத் தேதி என்று கேட்க புஷ்பலீலா மறுபடி இரண்டு மாடி ஏறினார்.

"கம்பியக் கொத்துன கேஸா?" இருதயராஜ் பதிவேட்டைப் புரட்டக்கூட இல்லை. "ஜாமீன் ரொக்கத்துக்குத்தான் மேடம் நாற்பத்தெட்டு மணி நேரம். கேஸுக்கு அப்படி ஒண்ணும் சட்டத்துல இல்லியே."

அந்த வழக்கு இன்னும் விசாரணைக்கு எடுக்கப்படவில்லை.